12 வோல்ட் சார்ஜர் என்று கேட்காதீர்கள்: மலைவீட்டு பேட்டரிக்கு ஒரு வழிகாட்டி

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் ரோட்டில், ஊரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே, கரண்ட் லைன் வராத ஒரு காட்டில் இருக்கிறது எங்கள் வீடு. காடு என்றால் இங்கே பூண்டும் உருளையும் பீன்ஸும் போடுகிற நிலம். யானை உலாவும் காடு என்று நினைத்து வந்த நண்பர் ஒருவர் ரொம்ப ஏமாந்துபோனார். கூரையில் இரண்டு சோலார் பேனல், மூலையில் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று, மழை மாதங்களுக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். ஏழெட்டு லைட், ஒரு லேப்டாப், மோடம், ஃபோன்கள். இவ்வளவுதான் எங்கள் வீட்டு மின்வாரியம்.

புதிதாக மலையேறி, அரை ஏக்கர் வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் கூடிக்கொண்டே போகிறார்கள். பேனல் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பேட்டரி பற்றியும் ஓரளவு விசாரித்துவிட்டே வருகிறார்கள். சார்ஜரைத்தான் கடைசி நிமிடத்தில், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறார்கள். "சோலார் இருக்கே, சார்ஜர் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் ஒருமுறை இங்கே இருந்து பார்த்தால் அந்தக் கேள்வி வராது. 1899இல் தொடங்கிய சூரிய வானாய்வகம் கொடைக்கானலில்தான் இருக்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் பத்து நாள் மூடுபனி இறங்கினால், அந்தச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஜெனரேட்டரை ஓட்டி, சார்ஜர் வழியாக பேட்டரியை ஏற்றியே ஆக வேண்டும்.

நான் முதலில் வாங்கிய சார்ஜரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கீழே இறங்கி, ஒரு கடையில் கேட்டேன்.

"அண்ணே, இது எத்தனை வோல்ட்ல நிக்கும்?"

"12 வோல்ட்ணே."

"அது இல்லண்ணே. சார்ஜ் ஏறி முடியிறப்ப எத்தனைக்குப் போகும்?"

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக். பச்சை லைட் எரிஞ்சா ஃபுல்லு. கழட்டி வச்சிருங்க."

பச்சை லைட் தவறாமல் எரிந்தது. இரண்டாவது கார்த்திகையில் ராத்திரி எட்டு மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கடன் வாங்கி ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். 1240 காட்ட வேண்டிய பேட்டரியில் 1170, 1180 என்று மிதவை மூழ்கிக் கிடந்தது. அதன் பிறகுதான் சார்ஜரை மல்டிமீட்டரால் அளந்தேன். 13.8 வோல்ட் வந்ததும் பச்சை காட்டி, அங்கேயே நின்றுவிடுகிறது. என் பேட்டரிக்கு அந்தக் குளிரில் வேண்டியது 14.7. ஒன்றரை வருடமாக அரை வயிற்றுச் சாப்பாடு போட்டே பேட்டரியைக் கொன்றிருக்கிறேன். கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஷெட்டில் சும்மா நிற்கும் காரின் பேட்டரிக்கு அந்தச் சார்ஜர் போதும். "12 வோல்ட்" என்று அவர் சொன்ன எண் பேட்டரியின் பெயர், அவ்வளவுதான். சார்ஜர் என்ன செய்யும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று எண்கள்

பேட்டரி ஏற்றுவது பால் காய்ச்சுவது மாதிரி. முதலில் முழுத் தீ. பால் மேலே வரும்போது பொங்கிவிடாமல், இறங்கியும் விடாமல் அந்த மட்டத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும். அப்புறம் சிம்மில் வைத்துவிடலாம். சார்ஜரிலும் இதே மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சார்ஜர் தன்னால் முடிந்த முழு ஆம்ப்ஸையும் தள்ளும், வோல்ட் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். ஒரு மட்டம் வந்ததும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொள்ளும், ஆம்ப்ஸ் தானாகக் குறைந்துகொண்டு வரும். இந்த மட்டத்தை நம் ஊர் இன்வெர்ட்டர்களிலும் சோலார் கன்ட்ரோலர்களிலும் பூஸ்ட் என்று போட்டிருப்பார்கள். சில சார்ஜர்களில் அப்சார்ப்ஷன் என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். பேட்டரி நிறைந்த பிறகு கீழே இறங்கி நிற்கும் மட்டம் ஃப்ளோட்.

ஆக, தேட வேண்டியது பூஸ்ட் எத்தனை வோல்ட், ஃப்ளோட் எத்தனை வோல்ட், முழுத் தீ எத்தனை ஆம்ப்ஸ் என்ற மூன்றைத்தான். இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

எண்கள் எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்துதான். மூடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் கூட வந்த கையேடு. அதுவும் தொலைந்துவிட்டால் அதே மாடலின் கையேட்டைக் கம்பெனி தளத்தில் எடுக்கலாம். கம்பெனி சொல்லும் எண்ணே முதல் சாட்சி. நான் கீழே தருவது பொதுவான வரம்பு மட்டும்.

தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரிக்கு பூஸ்ட் பெரும்பாலும் 14.4க்கும் 14.8க்கும் நடுவில் இருக்கும், ஃப்ளோட் 13.5 பக்கத்தில். மலைவீடுகளில் அதிகம் இருப்பது இதுதான், நானும் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் தப்பு செய்தாலும் தாங்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்கவும் முடியும். மூடி சீல் வைத்த எஸ்எம்எஃப், ஏஜிஎம் வகைகளுக்கு பூஸ்ட் 14.4 முதல் 14.7, ஃப்ளோட் 13.5 முதல் 13.8. ஜெல் பேட்டரி கொஞ்சம் செல்லம். 14.1 முதல் 14.4 வரைதான் அதற்கு. மேலே போனால் ஜெல்லுக்குள் குமிழி விழும், அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது. லித்தியம் தனிக் கதை, கடைசியில் வருகிறேன்.

உங்களுடையது 24 வோல்ட் சிஸ்டம் என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள், 48 என்றால் நான்கால். 14.4 என்பது 28.8 ஆகும், 57.6 ஆகும். ஆம்ப்ஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

குளிர் கணக்கு

இதைத்தான் கீழே இருக்கும் கடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவதே இல்லை.

கையேட்டில் போட்டிருக்கும் வோல்ட் 25 டிகிரிக்கு, சில நம் ஊர் கம்பெனிகளுக்கு 27 டிகிரிக்கு. லெட் ஆசிட் பேட்டரி (லித்தியம் தவிர மேலே சொன்ன எல்லா வகையும் இதுதான்) குளிர்ந்தால் உள்ளே வேதிவினை மந்தமாகும். அதே அளவு ஏற வேண்டுமென்றால் கொஞ்சம் கூடுதல் வோல்ட் கேட்கும். சூடானால் குறைவாகக் கேட்கும். ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் என்பது பொதுவான கணக்கு. நடுவில் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், ஆக டிகிரிக்கு 24 மில்லிவோல்ட்.

மார்கழி காலையில் எங்கள் பேட்டரி அறையில் பேட்டரியின் உடம்பு 11 டிகிரி. 25இலிருந்து 14 டிகிரி கீழே. 14ஐ 24 மில்லிவோல்ட்டால் பெருக்கினால் 0.34. ஸ்டிக்கரில் 14.4 என்றிருந்தால் இங்கே 14.74 வேண்டும். அதே பேட்டரியை சித்திரை வெயிலில் வத்தலக்குண்டில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே வைத்து, உடம்பு 38 டிகிரிக்கு ஏறியது என்று வையுங்கள். 13 டிகிரி மேலே, 0.31 குறைய வேண்டும், 14.09 போதும். ஒரே பேட்டரிதான். காட் ரோடு ஏறி வருவதற்குள் அதற்கு வேண்டியது அரை வோல்ட்டுக்கு மேல் மாறிவிடுகிறது. கீழே இருக்கும் மெக்கானிக் தன் அனுபவத்தில் சரியென்று செட் செய்து தருவது மேலே எப்போதும் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெளியே காற்றின் குளிரை அளக்காதீர்கள். முற்றத்தில் புல்மேல் உறைபனி கிடந்தாலும், ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள டியூபுலர் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் குளிராது. சாதாரணத் தெர்மாமீட்டரைப் பேட்டரியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஒரு துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னொன்று, சில சார்ஜர்களிலும் கன்ட்ரோலர்களிலும் வெப்பநிலை சென்சார் இருக்கும். பேட்டரியில் ஒட்டுவதற்கு நீளமான ஒரு வயர் வரும். அது இருந்தால் 25 டிகிரிக்கான எண்ணையே கொடுங்கள், குளிருக்கு வேண்டியதை அதுவே கூட்டிக்கொள்ளும். நீங்களும் கூட்டி, அதுவும் கூட்டினால் 15ஐத் தாண்டிவிடும். சென்சார் வயர் இல்லாமல் தன் பெட்டிக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் கன்ட்ரோலர்களும் இருக்கின்றன. அவை பேட்டரிக்குப் பக்கத்தில், அதே அறையில் இருக்க வேண்டும். சமையலறைச் சுவரில் கன்ட்ரோலரும் வெளித் திண்ணையில் பேட்டரியும் வைத்திருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோலர் அடுப்புச் சூட்டில் சுகமாக இருந்துகொண்டு பேட்டரிக்குக் குறைத்துக் குறைத்துப் போட்டது.

கடையில் என்னென்ன கிடைக்கும்

கடைகளிலும் ஆன்லைனிலும் பார்க்கும்போது எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். உண்மையில் நான்கைந்து சாதிகள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர், பேட்டரிக் கடைகளில் தரையில் உறுமிக்கொண்டிருப்பது. அதற்கு மட்டம் என்று ஒன்று கிடையாது. விட்டால் 16 வோல்ட்டைத் தாண்டியும் போகும். பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டர் பார்த்து அணைக்கிறவருக்கு அது நல்ல சாமான், கெட்டுப்போகவே போகாது. போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவருக்கு வேண்டாம்.

காருக்கான ஆட்டோமேட்டிக் சார்ஜர். நான் ஏமாந்தது இதில்தான். எண்ணை மாற்ற வழியே இருக்காது. ஆம்ப்ஸும் 4, 6 என்று சிறியதாக இருக்கும். காரும் பைக்கும் படம் போட்ட பெட்டி என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர். பல பேருக்கு ஏற்கெனவே கையில் இருப்பது இதுதான், தனியாக வாங்கும் முன் இதைப் பாருங்கள். பின்பக்கம் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கலாம், பிளாட், டியூபுலர், எஸ்எம்எஃப் என்று போட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இந்தச் சுவிட்சை வந்தது வந்தபடியே விட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அதை டியூபுலர் பக்கம் தள்ளிவிட்டது மட்டும்தான் நான் செய்த ரிப்பேர். அதற்கு எனக்கு ஒரு கூடை பேரிக்காய் கிடைத்தது.

அடுத்தது, எண்ணை நாமே போடக்கூடிய சார்ஜர். உண்மையில் தேட வேண்டியது இது. விலை கூடுதல்தான். விக்ட்ரான் கம்பெனியின் புளூ ஸ்மார்ட் வகையை உதாரணமாகச் சொல்லலாம். அதில் சாதாரண நிலை 14.4, உயர் நிலை 14.7, லித்தியத்துக்கு 14.2 என்று தயார் செட்டிங் இருக்கிறது, ஃபோன் செயலி வழியாக நம் விருப்பப்படியும் மாற்றலாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, விளம்பரத்தில் "8 ஸ்டேஜ்", "ஸ்மார்ட்" என்று இருப்பதில் மயங்காதீர்கள். கையேட்டைத் திறந்து பூஸ்ட் வோல்ட், ஃப்ளோட் வோல்ட் என்று எண்ணில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத சார்ஜரை நான் தொடுவதில்லை.

கடைசியாக, கை வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு வழி: வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் இரண்டு திருகில் தனித்தனியாக மாற்றக்கூடிய பவர் சப்ளை. பேட்டரியை மாட்டும் முன் வோல்ட்டை 14.7க்குத் திருகி வைத்து, ஆம்ப்ஸைக் கட்டுப்படுத்தி, அப்புறம் மாட்ட வேண்டும். ஆம்ப்ஸ் கட்டுப்பாடு இல்லாத சாதாரண பவர் சப்ளை இதற்கு ஆகாது. இதில் ஃப்ளோட்டுக்குத் தானாக இறங்கும் வசதி கிடையாது, பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் அதோடு சரி.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் இப்போது மாறிவிடுகிறது. "12 வோல்ட் சார்ஜர் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "டியூபுலருக்கு, பூஸ்ட் 14.7 வரை செட் பண்ணக்கூடிய 15 ஆம்ப்ஸ் சார்ஜர் இருக்கா?" என்று கேளுங்கள். பாதிக் கடைகளில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நல்லதுதான், வண்டிச் செலவு மிச்சம்.

எத்தனை ஆம்ப்ஸ், எந்த ஜெனரேட்டர்

டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்ப்ஸ் என்பது எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவு. 150 ஏஎச்சுக்கு 15 ஆம்ப்ஸ். பல பேட்டரிகள் 20 சதவீதம் வரை தாங்கும், ஆனால் அதை ஸ்டிக்கர் சொல்ல வேண்டும். ரொம்பக் குறைந்த ஆம்ப்ஸும் கெடுதல்தான். 150 ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்ப்ஸ் சார்ஜர் போட்டால் நாள் முழுக்க ஜெனரேட்டர் ஓடும், பெட்ரோல் தீரும், பேட்டரி நிறைந்திருக்காது.

ஜெனரேட்டர் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. 15 ஆம்ப்ஸை 14.6 வோல்ட்டால் பெருக்கினால் 219 வாட்ஸ். சார்ஜருக்குள் சூடாகப் போவதைச் சேர்த்தால் 260 வாட்ஸ் ஆகும். மலிவான சார்ஜர்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உருப்படியாகப் பயன்படும் பங்கு) மோசமாக இருப்பதால் ஜெனரேட்டருக்கு அது 400 விஏ (ஜெனரேட்டர் பலத்தைச் சொல்லும் அளவு) மாதிரி தெரியும். 30 ஆம்ப்ஸ் சார்ஜர் என்றால் 800. இங்கேயும் மலை குறுக்கே வருகிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிதாகும், இன்ஜினின் பலம் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். கீழே 1 கேவிஏ, அதாவது 1,000 விஏ கொடுக்கும் ஜெனரேட்டர் இங்கே 800 விஏதான் கொடுக்கும், கூடவே கரும்புகை தள்ளும். 30 ஆம்ப்ஸ் சார்ஜரை அதில் மாட்டினால் மூச்சுத் திணறும்.

ஜெனரேட்டரிலேயே 12 வோல்ட் என்று ஒரு சின்ன சாக்கெட் இருக்கும். அதிலிருந்து நேராக பேட்டரிக்கு வயர் இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு மட்டமும் கிடையாது, ஆம்ப்ஸும் பத்தைத் தொடாது. அவசரத்துக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரு பழக்கம் சொல்கிறேன். பாதி தீர்ந்த 150 ஏஎச் பேட்டரியில் 15 ஆம்ப்ஸ் போட்டால் முதல் நான்கு மணி நேரத்தில் 85 சதவீதம் பக்கம் வந்துவிடும். மிச்சமுள்ள கொஞ்சத்துக்கு இன்னும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும், அதுவும் 3, 4 ஆம்ப்ஸ் மட்டும் சொட்டும். அதற்காக ஜெனரேட்டரை ஓட்டுவது, ஒரு டம்ளர் டீக்கு அண்டா அடுப்பு பற்றவைக்கிற மாதிரி. அதனால் காலையில் ஜெனரேட்டரை ஓட்டி முதல் பாதியை முடியுங்கள். பதினோரு மணிக்கு மேல் மூடுபனி கொஞ்சம் விலகினால் பேனல் தரும் நாலைந்து ஆம்ப்ஸ் கடைசிப் பாதிக்குச் சரியாகப் போதும். சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டால் இந்த வசதி போய்விடும். வாரத்துக்கு ஒருமுறையாவது பேட்டரி முழுசாக நிறைய வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாட்டி, அளந்து பார்ப்பது

புதுச் சார்ஜரை முதல் நாள் மாட்டும்போது ஒரு நாள் முழுவதும் ஒதுக்குங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, நோட்டு ஒன்று. மலிவு மீட்டர்கள் 0.1 வோல்ட் வரை தப்பாகக் காட்டும், இரண்டு மீட்டரை ஒரே பேட்டரியில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரிக்கு பிளஸ், அப்புறம் மைனஸ், கடைசியில்தான் ஜெனரேட்டர் பக்கம் சுவிட்ச். கழற்றும்போது முதலில் அந்தச் சுவிட்சை அணைக்க வேண்டும்.

என் நோட்டில் ஒரு கார்த்திகை நாள் இப்படி இருக்கிறது. பேட்டரி உடம்பு 12 டிகிரி. காலை 7.10க்கு ஆரம்பம், மாட்டும் முன் 12.1 வோல்ட். போட்டதும் 12.9, 15 ஆம்ப்ஸ். 9 மணிக்கு 13.6. 11 மணிக்கு சார்ஜரின் முகத்தில் 14.7 என்று வந்து ஆம்ப்ஸ் இறங்க ஆரம்பித்தது. சந்தேகப்பட்டு மீட்டர் முனைகளை பேட்டரியின் ஈயக் குமிழிலேயே (டெர்மினலில்) குத்திப் பார்த்தேன். 14.38. சார்ஜர் ஒன்று சொல்கிறது, பேட்டரி ஒன்று சொல்கிறது. நடுவில் 0.32 வோல்ட் எங்கே போனது?

வயரில்தான். கடைக்காரர் கொடுத்த 4 ஸ்கொயர் எம்எம் வயர், போக இரண்டரை மீட்டர், வர இரண்டரை மீட்டர். 15 ஆம்ப்ஸ் ஓடும்போது அந்த வயரே ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஆம்ப்ஸ் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும் என்பது உண்மை. ஆனால் பேட்டரி நிறையும் முன்பே சார்ஜர் "மட்டம் வந்துவிட்டது" என்று நினைத்துத் தீயைக் குறைத்துவிடும். நேரம் பார்த்து பூஸ்ட்டை முடிக்கும் சார்ஜர் என்றால் பாதியிலேயே ஃப்ளோட்டுக்கு இறங்கிவிடும். 10 ஸ்கொயர் எம்எம் வயர் மாற்றிய பிறகு இழப்பு 0.13 ஆனது. சார்ஜரை இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தால் அந்தச் செலவும் மிச்சமாகியிருக்கும். வோல்ட்டை எப்போதும் பேட்டரியின் குமிழில் அளக்க வேண்டும், சார்ஜரின் டிஸ்ப்ளேயை நம்பக் கூடாது. பிளஸ் குமிழுக்குப் பக்கத்திலேயே 30 ஆம்ப்ஸ் ஃபியூஸ் ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

ஆம்ப்ஸ் 2, 3 வரை இறங்கி அங்கேயே நின்றால் பேட்டரி நிறைந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மூடிகளில் காது வைத்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி மெல்லிய சத்தம் கேட்கும். அணைத்துவிட்டு, லைட் எதுவும் போடாமல் ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அளந்து பாருங்கள். இங்கே புதியவர்கள் பயந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் எங்கே பார்த்தாலும் நிறைந்த பேட்டரி 12.7 காட்டும் என்றிருக்கும். அது கிராவிட்டி (ஹைட்ரோமீட்டர் காட்டும் ஆசிட் அடர்த்தி) 1280 உள்ள கார் பேட்டரிக்கு. நம் ஊர் டியூபுலர்களில் பெரும்பாலும் கிராவிட்டி 1240தான், அதற்கு ஓய்வில் 12.5 வந்தாலே நிறைந்த கணக்கு. ஒரு செல்லின் ஓய்வு வோல்ட் என்பது கிராவிட்டியுடன் 0.84 கூட்டியது. 1240 என்பது 1.24: 1.24உம் 0.84உம் 2.08, ஆறு செல்லுக்கு 12.48. 12.7 வரவில்லையே என்று சார்ஜர் எண்ணை ஏற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு.

ஹைட்ரோமீட்டரும் குளிரில் கொஞ்சம் ஏமாற்றும். 27 டிகிரிக்கு எழுதிய அளவுகோல் அது. 12 டிகிரி ஆசிட்டில் 1240 காட்டினால் உண்மையில் 1230 பக்கம்தான். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.7 புள்ளி கழித்துக்கொள்ளுங்கள். செல்லுக்குச் செல் இருபது முப்பது புள்ளி வித்தியாசம் தெரிந்தால் ஈக்வலைஸ் செய்ய, அதாவது கூடுதல் வோல்ட் கொடுத்து எல்லாச் செல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டிய நேரம் வந்துவிட்டது. கையேடு அனுமதித்தால் 15 முதல் 15.5 வோல்ட் வரை இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் பேட்டரியில் நேராக மாட்டிய 12 வோல்ட் எல்இடி லைட்டுகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை போய்விடும். தண்ணீர் வகை பேட்டரிக்கு மட்டும்தான் இது. சீல் வைத்ததற்கும் லித்தியத்துக்கும் கூடவே கூடாது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எங்கள் சுனைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், குடிக்க அமிர்தம். பேட்டரிக்கு ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் உப்புகள் தட்டைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு.

குளிருக்குப் பயந்து பேட்டரியைப் படுக்கை அறைக்குள்ளோ விறகடுப்புப் பக்கமோ கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பூஸ்ட்டில் இருக்கும்போது கிளம்புவது ஹைட்ரஜன். ஜன்னலை அடைத்துக் கம்பளி போட்டுத் தூங்கும் அறையில் அது சேரக் கூடாது, ஒரு பொறி பட்டால் போதும். தனி அறை, கூரைக்குக் கீழே உயரத்தில் ஒரு காற்றுத் துளை. ஆசிட் சிந்தினால் போட ஒரு பாக்கெட் ஆப்ப சோடா பக்கத்தில் இருக்கட்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

லித்தியம் வாங்கியவர்களுக்கு

இப்போது பலர் நேரே லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குப் போகிறார்கள். 12 வோல்ட் என்று விற்பதில் நான்கு செல் இருக்கும். செல்லுக்கு 3.65 உச்ச வரம்பு, மொத்தம் 14.6. அதுவரை தள்ள வேண்டியதில்லை. 14.2 முதல் 14.4 வைத்தால் போதும், நிறைந்துவிடும். ஃப்ளோட் 13.5, அல்லது ஃப்ளோட்டே வேண்டாம். 48 வோல்ட் என்று விற்பதில் 15 செல்லும் உண்டு, 16 செல்லும் உண்டு. எண்ணாமல் சார்ஜர் வாங்காதீர்கள். செல்லுக்கு 3.55 என்று வைத்தால் 15க்கு 53.25, 16க்கு 56.8. தப்பாக மாட்டினால் ஒன்று நிறையாது, அல்லது உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) ஒவ்வொரு தடவையும் வெட்டும்.

மேலே சொன்ன குளிர் கணக்கு இதற்குக் கிடையாது. சார்ஜரில் வெப்பநிலைத் திருத்தம் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மார்கழியில் 14.2 என்று வைத்தது 14.5க்கு ஏறி நிற்கும். லித்தியத்துக்குக் குளிர் வேறு விதத்தில் ஆபத்து: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் அந்த அளவுக்குப் போகாது. மன்னவனூர் பக்கம் புல்வெளிப் பள்ளத்தில் தகர ஷெட் போட்டிருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். குளிரில் தானாக வெட்டும் பிஎம்எஸ் உள்ளதா என்று வாங்கும் முன் கேளுங்கள். முழுக்கத் தீர்ந்துபோய் பிஎம்எஸ் வெட்டிய பேட்டரி மீட்டரில் 0 காட்டும். பல ஸ்மார்ட் சார்ஜர்கள் அதைப் பேட்டரி என்றே ஏற்காமல் சும்மா இருக்கும். பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிஎம்எஸ்ஸைத் தட்டி எழுப்பும் வசதி சார்ஜர் கையேட்டில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

என் சார்ஜருக்கு வெப்பநிலை சென்சார் கிடையாது. அதனால் பேட்டரி அறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: கார்த்திகை முதல் தை வரை 14.7, பங்குனி முதல் ஆடி வரை 14.5. இடைப்பட்ட மாதங்களில் மனசுக்குத் தோன்றியபடி 14.6. பங்குனியில் இறக்க மறந்துவிட்டால் டிஸ்டில்டு வாட்டர் கேன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகும், அப்போது ஞாபகம் வந்துவிடும்.